ஹென்றி ராலின்ஸ் பாட்டு ஓடாம தான் மேடைப் பேச்சுக்கு வந்தாரா?

இல்லங்க, வரிசையே தலைகீழா இருக்கு. அவர் தனியா மேடைல பேச ஆரம்பிச்சது 1983ல, அப்ப அவர் பிளாக் ஃபிளாக்னு ஒரு அமெரிக்க பங்க் ராக் பேண்டோட பாடகர். அந்த பேண்டு உடைஞ்சது 1986ல தான்.

ஆள் வாஷிங்டன் டி.சி. காரர், 1961ல பொறந்தவர், ஒரிஜினல் பேர் ஹென்றி கார்ஃபீல்டு. இருவது வயசுல ஒரு ஐஸ்கிரீம் கடைல மேனேஜர், சைடுல எஸ்.ஓ.ஏ.ன்னு ஒரு சின்ன பேண்டு. 1981ல பிளாக் ஃபிளாக் நியூயார்க்ல வாசிக்குதுன்னு காரை எடுத்துட்டு போயிட்டாரு, விடிஞ்சா கடை திறக்கணும், அதுக்குள்ள எனக்காக ஒரு பாட்டு போடுங்கப்பான்னு கேட்டுட்டு கடைசில மேடைல ஏறி அவரே பாடிட்டாரு. சில நாள்ல கூப்பிட்டு வேலையும் குடுத்துட்டாங்க. கடைக்கு டாட்டா, லாஸ் ஏஞ்சல்ஸ்க்கு பொட்டி கட்டியாச்சு.

அதுக்கப்புறம் அஞ்சு வருஷம் நாய் பொழப்பு. வேன்ல தூக்கம், கைல காசு கிடையாது, மேடைக்கு கீழ நிக்கிறவன் எச்சி துப்புவான், எரியுற சிகரெட்ட இவர் உடம்புல வச்சு அணைப்பான், இவர் பாட்டுக்கு பாடிட்டு இருப்பாரு, சமயத்துல இறங்கி ரெண்டு குத்தும் விடுவாரு. இத்தனைக்கும் நடுவுல டெய்லி டைரி எழுதிருக்காரு பாருங்க, அங்க தான் இருக்கு விஷயம்.

அந்த சமயம் ஹார்வி குபெர்னிக்னு ஒருத்தர் லாஸ் ஏஞ்சல்ஸ்ல நிறைய பேரை வரிசையா மேடையேத்தி ஆளுக்கு சில நிமிஷம் பேச விடுவாரு, அதுல இவரையும் தள்ளி விட்டாரு. இவரும் தான் எழுதினது, பேண்டுல நடந்த கூத்துன்னு எடுத்து விட, கூட்டம் கப்சிப்னு கேட்டுச்சு. உடனே 2.13.61ன்னு தன் பொறந்த தேதியவே பேரா வச்சு ஒரு பதிப்பகமும் போட்டாரு.

பாட்டு ஓடலன்னும் சொல்ல முடியாது. பிளாக் ஃபிளாக் உடைஞ்சப்புறம் இவர் ஆரம்பிச்ச ராலின்ஸ் பேண்டு 1991ல லோலபலூசாங்கிற இசைத் திருவிழாவோட முதல் டூர்ல இருந்துச்சு, அவங்களோட 'லயர்' பாட்டு எம்டிவில சக்க போடு போட்டுச்சு, 1995 கிராமிக்கு நாமினேஷனும் ஆச்சு. ஆனா அந்த வருஷம் கைக்கு வந்த கிராமி எதுக்கு தெரியுமா, அந்த பழைய வேன் டைரிய 'கெட் இன் தி வேன்'னு புக்கா போட்டு அவரே வாசிச்ச ஆடியோவுக்கு!

பேச்சு மேடைல அவர் நிக்கிறத யூடியூப்ல பாருங்க. மைக் வயர கைல சுத்திக்கிட்டு, காலை அகட்டி ஊனிட்டு, ஒரே இடத்துல ரெண்டு மணி நேரத்துக்கு மேல, நடுவுல பிரேக் கிடையாது. கைல பேப்பர் கிடையாது. பாடுறப்ப நின்ன அதே நிலை தான், பின்னாடி டிரம்ஸ் மட்டும் தான் இல்ல. இராக் போரை கிழிச்சு தொங்கவிட்ட அதே ஆள் அங்க இருக்குற அமெரிக்க சிப்பாய்ங்கள பாக்க போயிட்டு வந்து அந்தக் கதையையும் சொல்லுவாரு. 1991 டிசம்பர்ல இவர் வீட்டு வாசல்லயே கொள்ளைக்காரன் சுட்டு இவரோட நண்பர் ஜோ கோல் செத்தாரு, இவர் தப்பிச்சாரு, அதையும் பேசிருக்காரு. பாட்டுல இருந்தா அதெல்லாம் வெறும் கத்தலா போயிருக்கும்னு எனக்கு தோணும்.

பாட்டை நிறுத்தினதுக்கு அவர் சொல்ற காரணம் சிம்பிள், எழுத வரிகள் இல்ல, பழசையே திரும்ப பாடிட்டு திரிய இஷ்டமில்ல. சரியான முடிவு தான். சில ஷோல ரொம்ப இழுப்பாரு, கவிதை புக்கெல்லாம் எனக்கு சுத்தமா ஒத்து வரல. புதுசா கேக்குறவங்க அந்த வேன் ஆடியோல இருந்து ஆரம்பிங்க, கெட்ட வார்த்தை நிறைய வரும், வீட்ல ஹெட்ஃபோன் போட்டுக்கங்க.