பெயர் போனது, பெட்டி இருக்கிறது
பழைய ஆடியோ சாதனங்கள்: வாசகர் கேள்வி பதில்

கடைகளில் சான்சுய், அகாய், அய்வா என்று பெயர் போட்ட டி.வி.யும் புளூடூத் ஸ்பீக்கரும் விற்கிறார்கள். சின்ன வயதில் எங்கள் வீட்டில் இருந்த அதே கம்பெனிகள்தானா?
வாசகர், திருச்சி

பெயர் அதே பெயர்தான். கம்பெனி அது இல்லை.

சான்சுய் 1940-களில் டோக்கியோவில் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. ஜப்பானிய மொழியில் 'மலையும் நீரும்' என்று பொருள். பின்னால் ஆம்ப்ளிஃபயருக்குப் போனபோதும் அந்த டிரான்ஸ்ஃபார்மர் புத்தி அவர்களை விடவில்லை. பழைய சான்சுய் பெட்டியைத் தூக்கினால் தோள்பட்டை இறங்குவதற்கும், ஐம்பது வருடம் ஆகியும் அந்தப் பாகம் மட்டும் கெடாமல் இருப்பதற்கும் அதுதான் காரணம். அந்தக் கம்பெனி 2014-ல் திவாலாகி முடிந்துவிட்டது. அகாய் ஸ்பூல் டேப்புக்குப் பேர்போனது. 'ஜி.எக்ஸ்.' என்ற அதன் கண்ணாடி ஹெட் (நாடாவைப் படிக்கும் பாகம்) தேய்மானமே தெரியாமல் உழைக்கும். அதன் தாய்க் கம்பெனி 2000-ல் ஹாங்காங்கில் கலைக்கப்பட்டது. அய்வா 1964-லேயே ஜப்பானின் முதல் காம்பாக்ட் கேசட் ரெக்கார்டரைக் கொண்டுவந்த கம்பெனி. 2002-ல் சோனி அதை முழுதாக விழுங்கிக்கொண்டு 2006-ல் அந்தப் பெயரையே நிறுத்தியது.

கம்பெனி மூடினாலும் பெயருக்கு விலை உண்டு. அகாய், நகமிச்சி, சான்சுய் மூன்றும் ஒரு கட்டத்தில் ஹாங்காங்கின் ஒரே குழுமத்தின் கைக்குப் போயின. அதன்பின் நாட்டுக்கு ஒருவர் உரிமம் வாங்கி, எங்கோ செய்த பொருள் மேல் அந்தப் பெயரை ஒட்டினார்கள். புதிய பொருள் நன்றாகவும் இருக்கலாம். ஆனால் பழைய பெயருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். அந்தப் பெயருக்குரிய உழைப்பு உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பெட்டியில்தான் இருக்கிறது.

நம் நாட்டிலேயே தாக்குப்பிடித்த பெயரும் உண்டு. 1970-ல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் இன்றும் ஸ்பீக்கர் செய்கிறது.

அப்பா வாங்கிய சான்சுய் ஆம்ப்ளிஃபயர் இருபது வருடமாகப் பரணில் கிடக்கிறது. துடைத்துவிட்டு பிளக்கில் போடலாமா?
வாசகி, காரைக்குடி

போடாதீர்கள். பல நல்ல பெட்டிகள் இந்த முதல் நொடியில்தான் சாகின்றன.

முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஜப்பானுக்குள் விற்க மட்டும் செய்த பெட்டி என்றால் 100 வோல்ட் என்று இருக்கும். அதை நம் 230 வோல்ட்டில் செருகினால் ஃபியூஸ் போவதோடு நிற்காது. சிங்கப்பூர், வளைகுடா வழியாக வந்தவற்றில் பெரும்பாலும் 110, 127, 220, 240 என்று மாற்றும் திருகு இருக்கும். அதை 240-ல் வையுங்கள். நம் ஊரில் ராத்திரி நேரத்தில் மின்னழுத்தம் 240-ஐத் தாண்டுவது சாதாரணம். 100 வோல்ட் பெட்டிக்கு 100 வோல்ட் தரும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மரைக் கேட்டு வாங்குங்கள். கடையில் கைக்குக் கிடைக்கும் 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நம் லைன் ஏறும்போது 115 வரை தள்ளும். தகட்டில் 250 வாட் என்று போட்டிருந்தால் 500 வி.ஏ. (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் திறன்) அளவு எடுப்பது நல்லது.

அடுத்தது சீரிஸ் லேம்ப். எலக்ட்ரீஷியன் யாரைக் கேட்டாலும் செய்து தருவார். பெட்டிக்குப் போகும் கரன்ட் ஒரு 100 வாட் குண்டு பல்பின் வழியாகப் போக வேண்டும். பழைய இழை பல்புதான், எல்.இ.டி. உதவாது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வால்யூமைச் சுழியத்தில் வைத்து சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் உள்ளே பெரிய ஷார்ட் இல்லை. பளிச்சென்றே நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். பவர் டிரான்சிஸ்டரோ, கரன்டைத் தேக்கிச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சரோ போயிருக்கிறது. இருபது வருடம் கரன்ட் பார்க்காத கண்டன்சருக்குள் காப்புப் படலம் மெலிந்திருக்கும். பல்பு வழியாக அரை மணி நேரம் மெல்ல ஊட்டினால் அது ஓரளவு மீண்டுவரும். நேராக 230 கொடுத்தால் வெடிக்கும்.

பல்பு மங்கியதும் ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்துப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நலம். 100-க்கு மேல் என்றால் மெக்கானிக்கிடம் போகட்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை இணைக்கவே கூடாது, காயில் கருகிவிடும். போட்ட சில நொடியில் உள்ளே 'டிக்' என்று ரிலே (ஸ்பீக்கரைத் தானாக இணைக்கும் சுவிட்ச்) சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பெட்டி தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரிலேயைக் குறுக்கே கம்பி போட்டு இணைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

மூடியைத் திறந்ததும் கண்டன்சர்களின் அடியில் காபிக்கொட்டை நிறத்தில் ஒரு பிசின் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாகம் ஆடாமலிருக்க அன்று வைத்த பசை அது. வைத்தபோது வெளிறிய மஞ்சள். சூட்டில் கறுத்து, பக்கத்திலுள்ள பாகங்களின் கம்பிக் கால்களை அரித்துவிடும். போதாக்குறைக்குக் கரன்டையும் கடத்தும். மூங்கில் குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும், உலோகம் வேண்டாம். பசுமை படிந்த கால் கண்ணில் பட்டால் அந்தப் பாகத்தை மாற்றிவிடுவதே முறை. ஃபில்டர் கண்டன்சர் மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவோ கூடுதலோ, 105 டிகிரி ரகம். இந்த மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அதைத் தொடும் முன் 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டரைச் சில நொடி குறுக்கே பிடித்து மிச்சக் கரன்டை இறக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் பொறி பறக்க வைப்பது வேண்டாம்.

வால்யூம் திருகும்போது கரகரத்தால் பயப்பட ஒன்றுமில்லை. கான்டாக்ட் கிளீனரை ஓட்டை வழியாக ஒரு பீய்ச்சு பீய்ச்சி, முழுச் சுற்றாக முப்பது தடவை திருகுங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் அந்த வாரம் நன்றாக இருக்கும், பிறகு தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

டூ-இன்-ஒன்னில் பாட்டு இழுக்கிறது. சில சமயம் கேசட் நாடாவை உள்ளே இழுத்துச் சுருட்டிக்கொள்கிறது. ஹெட் போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?
வாசகர், நாகர்கோவில்

ஹெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெல்ட்தான்.

நாடாவை முன்னே தள்ளுவது இரண்டு பொருள்கள்: கேப்ஸ்டன் என்ற மெல்லிய இரும்புத் தண்டு, அதை அழுத்தும் கறுப்பு ரப்பர் உருளை. தள்ளி வந்த நாடாவைச் சுற்றி எடுப்பது வலதுபக்கச் சக்கரம். பெல்ட் தளர்ந்தால் தண்டு தள்ளிக்கொண்டே இருக்கும், சக்கரம் நின்றுவிடும். வெளியே வந்த நாடாவுக்குப் போக்கிடம் இல்லாமல் உருளையைச் சுற்றிக்கொள்ளும். உருளை மேல் பிசுக்கு இருந்தால் இன்னும் சீக்கிரம் சுற்றும்.

பின்மூடியைத் திறந்தால் பல பெட்டிகளில் பெல்ட் பெல்ட்டாகவே இருக்காது, தார் மாதிரி உருகி ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தில் ஒட்டியிருக்கும். 99% ஐசோபுரொபைல் ஆல்கஹால், பஞ்சுக் குச்சி, கையுறை, பொறுமை நான்கும் வேண்டும். கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. சக்கரக் குழியில் துளிகூட மிச்சம் விடாதீர்கள். மிச்சமிருந்தால் புது பெல்ட் அந்த இடத்தில் குதிக்கும், சுருதி ஆடும்.

அளவெடுக்க, பெல்ட் ஓடும் பாதையில் தையல் நூலைச் சுற்றி, சேருமிடத்தில் வெட்டி, ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். அதில் 5 முதல் 7% கழித்தால் வரும் நீளம்தான் புது பெல்ட்டின் சுற்றளவு. 200 மி.மீ. நூல் என்றால் 188 மி.மீ. பெல்ட். கடையில் விட்டம் கேட்டால் 3.14-ஆல் வகுத்து 60 மி.மீ. என்று சொல்லுங்கள். அதைவிட இறுக்கமாகப் போட்டால் மோட்டார் புஷ் தேயும். ரப்பர் பேண்டு போடவே போடாதீர்கள். அதன் தடிமன் ஒரே சீராக இருக்காது. பாட்டு அலையும், ஒரு மாதத்தில் வெடித்தும் போகும்.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். கடையில் வாங்கிய, வீட்டில் பதிவுசெய்யாத ஒரிஜினல் கேசட்டில் ஒரு பாட்டின் நேரத்தைக் கணக்கெடுத்து, அதே பாட்டை போனில் ஓடவிட்டு ஒப்பிடுங்கள். போனில் 4 நிமிடம் ஓடும் பாட்டு கேசட்டில் 7 நொடி தாமதமாக முடிந்தால் வேகம் 3% குறைவு. மோட்டாரின் பின்னால் சின்ன ஓட்டை இருக்கும். அதற்குள் குட்டி ஸ்க்ரூடிரைவரை விட்டு மயிரிழை திருப்பினால் போதும்.

குரல் மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் அப்போது ஹெட்டைப் பாருங்கள். முதலில் ஆல்கஹாலில் துடையுங்கள். பழுப்புப் பொடி பஞ்சில் வரும். பிறகும் மந்தம் என்றால் ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த திருகு ஒன்று உண்டு. பாட்டு ஓடும்போதே அதைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இப்படியும் அப்படியும் திருப்பி, ஜால்ராவும் 'ஸ' ஓசையும் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒரு சொட்டு நகச்சாயம் வைத்தால் திருகு நகராது.

120 நிமிடக் கேசட்டை இந்தப் பெட்டிகளில் போட வேண்டாம். அதன் நாடா 9 மைக்ரான்தான், 60 நிமிடக் கேசட்டில் பாதி தடிமன்.

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த பழைய 'டுவல்' கம்பெனி டர்ன்டேபிள் இங்கே மெதுவாகச் சுற்றுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் சரியாகத்தான் போட்டிருக்கிறோம்.
வாசகர், கோவை

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே 60, இங்கே 50. ஏ.சி. மோட்டார் அந்த எண்ணைப் பார்த்துத்தான் சுற்றும். 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 27.8-ல் சுற்றுகிறது. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவதாகக் கேட்கும்.

மோட்டார் தண்டிலுள்ள புல்லியை 50 ஹெர்ட்ஸ் புல்லியாக மாற்றினால் முடிந்தது. டுவல், கேரார்டு இரண்டுமே இரு வகைப் புல்லிகளோடும் விற்றவை, இன்றும் தேடினால் கிடைக்கும். தானாகக் கை தூக்கி வைக்கும் மாடல் என்றால் உள்ளே பழைய கிரீஸ் மெழுகாகக் காய்ந்திருக்கும். கை பாதியில் நிற்பது அதனால்தான். துடைத்துவிட்டுப் புதிதாக, மிகக் கொஞ்சமாக வையுங்கள். ரப்பர் சக்கரத்தின் விளிம்பில் மட்டும் எண்ணெய் படக் கூடாது.

தாத்தாவின் 78 சுற்று இசைத்தட்டுகள் நாற்பது இருக்கின்றன. எச்.எம்.வி. எல்.பி. பிளேயரில் போடலாமா? ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா?
வாசகி, கும்பகோணம்

ஸ்பிரிட் படவே கூடாது. பழைய 78 தட்டு அரக்கில் செய்தது, அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒரே துடைப்பில் பள்ளம் வெளுத்து, இரைச்சல் மட்டுமே மிஞ்சும். வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மிருதுவான துணி, சுற்றும் திசையில் துடைப்பு, உடனே நிழலில் உலர்த்தல். நடுவில் உள்ள காகித லேபிள் நனையக் கூடாது.

ஊசிதான் அடுத்த விஷயம். 78-ன் பள்ளத்துக்கு ஏறக்குறைய 75 மைக்ரான் முனை வேண்டும், எல்.பி.க்கு 18 முதல் 25. எல்.பி. ஊசி 78-ன் பள்ளத்தில் அடியாழத்தில் புழுதியோடு உருளும். இந்தப் பெட்டிப் பிளேயர்கள் பலவற்றில் ஊசியைப் பிடித்திருக்கும் செராமிக் கார்ட்ரிட்ஜின் நுனியில் ஒரு சின்னத் திருப்பி இருக்கும். ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்.பி. எடுத்துப் பாருங்கள். அந்த ஊசி தேய்ந்திருந்தால் திருப்பி வகைச் சிவப்புக் கார்ட்ரிட்ஜ் முழுதாகவே கிடைக்கிறது. கிராமஃபோனின் எஃகு ஊசியை எல்.பி. மேல் ஒருமுறை வைத்தாலும் அந்தத் தட்டு போனதுதான்.

ஸ்பீக்கரின் ஓரத்து நுரை தொட்டாலே உதிர்கிறது. புதிது வாங்குவதா?
வாசகர், மதுரை

கூம்பும் காயிலும் நன்றாக இருந்தால் ஓரத்தை மட்டும் மாற்றலாம். பாலியூரித்தேன் நுரையை ஈரக்காற்று தின்கிறது. பாட்டே போடாமல் வைத்திருந்தாலும் உதிரும். முதலில் இரு கட்டைவிரலால் கூம்பை இரு பக்கமும் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் இல்லையென்றால் வேலையில் இறங்கலாம். சட்டத்தின் உள்விட்டம், கூம்பின் வெளிவிட்டம் இரண்டையும் மி.மீ.யில் எடுங்கள். "எட்டு இஞ்ச்" என்று மட்டும் சொல்லி வாங்கியது பொருந்தாது. பழைய பசையை முழுதும் சுரண்டி, முதலில் கூம்பில் ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, பிறகு சட்டத்தில் ஒட்டுங்கள். பசை இறுகும்வரை போனிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியைச் சின்ன வால்யூமில் ஓடவிட்டால் காயில் நடுவில் நிற்கிறதா என்பது அப்போதே காதில் விழும். உரசினால் அந்தப் பக்கத்தை ஒரு மயிரிழை நகர்த்துங்கள்.

மர்ஃபி வால்வு ரேடியோவைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. எர்த் கொடுத்தால் சரியாகுமா?
வாசகர், சிவகங்கை

பின்மூடியைத் திறந்து வால்வு மேல் அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள். 'இ' என்று தொடங்கினால் 6.3 வோல்ட் வகை, பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. அதில் ஷாக் என்றால் காப்பு கெட்டிருக்கிறது, பழுது பார்க்கலாம். 'யூ' என்று தொடங்கினால் டிரான்ஸ்ஃபார்மரே இல்லாத பெட்டியாக இருக்கும், லைன் நேராக இரும்புச் சட்டத்தில் இருக்கும். அதற்கு எர்த் கொடுத்தால் ஃபியூஸ் பறக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டம் நியூட்ரல் பக்கம் போகும், ஆனால் நம் வீட்டு வயரிங்கை நம்பி அதைத் தொடக் கூடாது. வோல்ட்டை மாற்றாமல் லைனிலிருந்து பெட்டியைப் பிரித்துவைக்கும் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டுவதே சரி. பின்மூடி இல்லாமல் வைக்காதீர்கள். குமிழ்களைச் சட்டத்துத் தண்டில் இறுக்கும் குட்டித் திருகுகளின் குழியில் அன்று மெழுகு நிரப்பியிருப்பார்கள். விரல் உலோகத்தில் படாமலிருக்கத்தான் அது. குமிழைக் கழற்றியிருந்தால் மெழுகுவத்தியை உருக்கி அந்தக் குழியை மறுபடி நிரப்பிவிடுங்கள்.