பதில்: வாசிப்பு வட்டத்துக்கு எந்தக் காதல் நூல்கள்?

வணக்கம். மன்னார்குடியில் நீங்கள் நடத்தும் மாதாந்திர வாசிப்பு வட்டத்தில் சாதி, மதம், வயது கடந்த காதலைப் பேசும் நூல்களை வைக்க விரும்புவதாகவும், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்களோ என்று தயங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

குறுந்தொகையிலிருந்தே தொடங்குங்கள். அதன் 40ஆம் பாடல், உன் தாயும் என் தாயும் ஒருவருக்கொருவர் யார், நம் தந்தையர் எந்த வகையில் உறவினர் என்று கேட்டுவிட்டு, செம்மண்ணில் பெய்த மழைநீரைப் போல நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று முடிகிறது. குலம் விசாரித்தே சம்பந்தம் பேசிப் பழகிய பெரியவர்களும் அதை மறுத்துப் பேச மாட்டார்கள். (தமிழாசிரியர் ஒருவர் இருந்தால் நீங்கள் வாசிக்கும் முன்பே மனப்பாடமாகச் சொல்லிவிடுவார்.)

அடுத்து தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. கும்பகோணத்தில் நடக்கும் கதை என்பதால் அந்நியமாக இராது. தன்னைவிட மூத்த யமுனாவின்மீது பாபு கொள்ளும் காதலையும், தாய் மராட்டிய வழியினர் என்பதால் யமுனாவுக்கு வரன்கள் தட்டிப்போவதையும் பேச ஒரு கூட்டம் போதாது. இதன் பிறகு, சாதி கடந்து மணந்த இணையரைப் பற்றிய பெருமாள்முருகனின் 'பூக்குழி'யை வைத்தால் எதிர்ப்பு குறைவாகவே இருக்கும். அதையே முதலில் வைத்தால் பேச்சு நூலை விட்டு ஊர் வழக்குக்குப் போய்விடும்.

கவிதைக்கு சல்மாவின் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' நல்ல தேர்வு. இஸ்லாமியப் பெண்ணின் அகவாழ்வைப் பேசும் அக்கவிதைகளைக் கல்லூரி மாணவியர் உரக்க வாசிக்கட்டும். தை மாத அறுவடைச் சமயத்தில் நாவல் வேண்டாம், கவிதையே போதும்.

நீங்கள் கேட்ட உடல்நல, மனநல நூல்களை இந்த வட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. அவரவர் தேவை வேறு, மாத்திரையை நிறுத்தச் சொல்லும் நூல்களும் அவற்றில் உண்டு.