குகை ஓவியத்தைச் சுரண்டாமலே அதன் சாயம் எதனால் ஆனது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சிவப்பில் பெரிய மர்மம் இல்லை. அநேகமாக எல்லாமே காவிக்கல்தான், அதாவது இரும்பு ஆக்சைடு. சிக்கல் கறுப்பில். அது கரியாக இருக்கலாம், மாங்கனீஸ் தாதுவாகவும் இருக்கலாம். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் கரி என்றால் கார்பன்-14 முறையில் வயதைச் சொல்லிவிடலாம். பிரான்சின் ஷோவே குகைக்கு அப்படித்தான் 30,000 ஆண்டுக்கு மேல் என்று தெரிந்தது. மாங்கனீஸில் அது நடக்காது.

முதலில் கையடக்க எக்ஸ்-கதிர் கருவியைச் சுவரில் படாமல் அருகே பிடிப்பார்கள். கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் பதில் கதிர் விடும்: மாங்கனீஸ் 5.9, இரும்பு 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கதிர் சாயத்தைத் தாண்டிப் பாறைக்குள்ளும் போகும் என்பதால், பக்கத்து வெற்றுப் பாறையையும் அளந்து ஒப்பிடாவிட்டால் கணக்கு தப்பு. கார்பன் மட்டும் இதில் அகப்படாது. அதன் பலவீனமான கதிரைக் காற்றே விழுங்கிவிடும்.

அதற்குத்தான் ராமன் நிறமாலை. ஆமாம், திருச்சியில் பிறந்த நம்ம சி.வி.ராமன் 1928இல் கண்ட அதே விளைவு. லேசரை அடித்துச் சிதறும் ஒளியைப் பிரித்தால், கரிக்கு வரைபடத்தில் அலை எண் (செ.மீ⁻¹) 1350, 1590 அருகே இரண்டு அகலமான மேடுகள் எழும். பிரான்சின் இன்னொரு ஓவியக் குகையான ஃபோன்-டி-கோமில் வெறும் தாதுச் சாயங்கள்தான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். கரியும் இருப்பது 2023இல் இப்படித்தான் வெளிவந்தது.

லேசரைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலும் ஆபத்து: மஞ்சள் காவி சூடேறிச் சிவப்பாகிவிடும்!