பெரியார் ராஜாஜி நட்பையும் மோதலையும் மேடையில எப்படி காட்டுறது?
நண்பர்களா காட்டணுமா எதிரிகளாவான்னு கேட்டிருக்கீங்க, ரெண்டுமேதான். 1938ல ராஜாஜி ஆட்சியில கட்டாய இந்தியை எதிர்த்து பெரியார் ஜெயிலுக்குப் போறார், அதே பெரியார் 1949ல தன்னோட கல்யாண விஷயமா பேச திருவண்ணாமலைக்குப் போய் ராஜாஜியைப் பாக்குறார், அப்புறம் 1953ல ராஜாஜி கொண்டுவந்த குலக்கல்வித் திட்டத்துல (பள்ளிப் பிள்ளைங்க பாதி நேரம் குடும்பத் தொழிலைக் கத்துக்கணும்ங்கிற திட்டம்) திரும்பவும் மோதல். என்னைக் கேட்டா நாடகத்தையே அந்த திருவண்ணாமலை சந்திப்புல தொடங்குங்க, மத்ததெல்லாம் ஃப்ளாஷ்பேக்கா வரட்டும். அங்க மேடைப்பேச்சு மாதிரி நீள வசனம் வேண்டவே வேண்டாம், தனியா உக்காந்து பேசுற பழைய சிநேகிதங்க குரல் தாழ்ந்துதான் இருக்கும். வசனத்தைக் கற்பனை பண்ணலாம், கொள்கையை மாத்தாதீங்க, யாரையாவது வில்லனாக்கினா அந்த நட்பே பொய்யாயிடும். கடைசி சீன் 1972 டிசம்பர், ராஜாஜி இறுதிச் சடங்குல 93 வயசு பெரியார் அழுதது. அங்க ஒரு வார்த்தைகூட வைக்காதீங்க.