'ஆதாரம்: இணையம்' என்று எழுதினால் போதுமா?

கேள்வி: சேலத்தில் இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஏற்காட்டுக் காபித் தோட்டங்களின் வரலாறு பற்றிக் கட்டுரை எழுதி, கடைசியில் 'ஆதாரம்: இணையம், கூகுள்' என்று போட்டிருந்தேன். பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வரிக்கு வரி ஆதாரம் காட்ட வேண்டுமா? எஸ்டேட்டில் வேலை பார்த்த என் தாத்தா சொன்னதை எப்படிக் காட்டுவது?

பதில்: ஏற்காடு பஸ் எங்கே நிற்கும் என்று கேட்பவரிடம் 'சேலத்தில்' என்று சொன்னால் அவர் எங்கே போய் நிற்பார்? 'இணையம்' என்பதும் அப்படிப்பட்ட பதில்தான். கூகுள் தேடித் தருகிற கருவி, எழுதியவர் வேறொருவர். அவர் பெயர், தலைப்பு, வெளியான ஆண்டு, தளத்தின் பெயர், முகவரி, நீங்கள் பார்த்த நாள் ஆகியவற்றைக் கொடுங்கள்.

வரிக்கு வரி தேவையில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபி விளைகிறது என்பதற்கு யாரும் சான்று கேட்கமாட்டார்கள். ஆனால் '1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இங்கே காபியைக் கொண்டுவந்தார்' என்று எழுதினால், படிப்பவர் உடனே 'யார் சொன்னது?' என்று கேட்பார். ஆண்டு, எண்ணிக்கை, 'முதன்முதலில்' என்ற சொல், பிறருடைய கருத்து இவை வரும் இடமெல்லாம் சான்று வேண்டும். சொற்களை மாற்றி உங்கள் நடையில் எழுதினாலும் கருத்து அவருடையதே. அதற்கும் குறிப்பு உண்டு.

ஆண்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் மாவட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை விடவே கூடாது. எஃப்.ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய சேலம் மாவட்ட கெஸட்டியர், அதாவது மாவட்டத்தைப் பற்றிய அரசு விவரத் தொகுப்பு, 1918இல் வெளிவந்தது. அதில் வரும் 'சேலம் மாவட்டம்' இன்றைய தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் சேர்த்தது. தருமபுரி 1965இல்தான் தனி மாவட்டமானது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட நாமக்கல் சேலத்துக்குள்தான்; அது 1997இல் பிரிந்தது. ஆண்டு போடாமல் பழைய பரப்பளவையோ மக்கள்தொகையையோ எடுத்து எழுதினால், இன்றைய சேலத்தைப் பற்றித் தவறான செய்தி சொன்னதாகிவிடும். கட்டுரைக்குள் (ரிச்சர்ட்ஸ், 1918) என்று போட்டுப் பக்க எண்ணையும் சேருங்கள். முழு விவரம் துணைநூற்பட்டியலில் வரட்டும்.

ரிச்சர்ட்ஸை நீங்கள் புரட்டியே பார்க்கவில்லை, ஒரு வலைப்பதிவில் அவர் வரியைப் படித்தீர்கள் என்றால் அந்தப் பதிவைத்தான் காட்ட வேண்டும்: 'ரிச்சர்ட்ஸ் கூறியதாக இன்னார்' என்று. பார்க்காத நூலைப் பார்த்ததாகக் காட்டுவதை நான் கடுமையான பிழையாகவே கருதுகிறேன். அந்தப் பதிவர் தவறாகப் படித்திருந்தால் பிழை உங்கள் தலையில் விழும்.

பெயர் எழுதும்போது இன்னொன்று. நம் முன்னெழுத்து பெரும்பாலும் அப்பா பெயர். குடும்பப் பெயர் அல்ல. சில மென்பொருள்கள் அப்பா பெயரை முன்னால் தூக்கி வைத்துவிடும். பட்டியலில் நூலாசிரியரின் சொந்தப் பெயர் முதலிலும் முன்னெழுத்து பின்னாலும் வரும்படி நீங்களே திருத்திவிடுங்கள். ஆதாரம் காட்ட ஏபிஏ (APA), எம்எல்ஏ (MLA) என்று வெவ்வேறு நடைமுறைகள் உண்டு; எது வேண்டும் என்பதைத் துறையில் கேட்டு, ஒன்றையே கடைசிவரை பின்பற்றுங்கள்.

உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனை பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைப்படி 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. உரிய குறிப்போடு தந்த மேற்கோளும் துணைநூற்பட்டியலும் அந்தக் கணக்கில் சேராது. அதனால் சான்று கூடினால் சதவீதம் ஏறிவிடும் என்று பயந்து குறிப்புகளை நீக்காதீர்கள்.

உங்கள் தாத்தாவுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். பழம் பறித்த கூலி, லைன் வீட்டு (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாழ்க்கை, மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபட்ட கதை எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தால் அது முதன்மைச் சான்று, அதாவது நேரில் வாழ்ந்தவரே தரும் சான்று. முதலில் அவரிடம் அனுமதி கேளுங்கள். பிறகு பின்னிணைப்பில் தகவலாளர் (தகவல் தந்தவர்) பட்டியல் போட்டு பெயர், வயது, ஊர், செய்த வேலை, நேர்காணல் நடந்த நாள், இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். பெயர் வேண்டாம் என்று அவர் சொன்னால் 'முன்னாள் தோட்டத் தொழிலாளி' என்று போடலாம். அவர் சொல்லும் ஆண்டை மட்டும் எழுத்துச் சான்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் இரண்டையும் எழுதி, பொருந்தவில்லை என்பதையும் எழுதுங்கள். செல்போனில் பதிவு செய்த பேச்சை மதிப்பெண் வந்த பிறகும் அழிக்காதீர்கள்.