அலெக்ஸ் ரெய்ஸ்பெக்: கேள்வி பதில்

கே: சார், அந்தக் கால ஸ்காட்லாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் ரெய்ஸ்பெக்கைச் சிலர் தடுப்பாட்டக்காரர் என்கிறார்கள், சிலர் நடுக்கள ஆட்டக்காரர் என்கிறார்கள். எது சரி?

ப: இரண்டும் சரிதான். அவர் ஆடியது சென்டர் ஹாஃப். அன்றைய அணியில் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர். அந்த மூவரில் நடு ஆள் இவர். எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை, அதாவது முன்வரிசையின் நடு ஆளை, மடக்க வேண்டும். பந்து கிடைத்ததும் மேலே ஓடி முன்வரிசைக்குத் தள்ளிவிடவும் வேண்டும். 1925இல் ஆஃப்சைடு விதி (பந்துக்கு முன்னால் போய் எதிரணி கோல் பக்கம் காத்து நிற்பதைத் தடுக்கும் விதி) தளர்ந்த பிறகுதான் சென்டர் ஹாஃப் பின்வரிசைக்கு இறங்கினார். இவர் அதற்கு வெகு முன்பே ஆட்டத்தை விட்டுவிட்டார். அதனால் இன்றைய சென்டர் பேக்கை (பின்வரிசையின் நடுவில் நிற்கும் தடுப்பாட்டக்காரரை) வைத்து இவரை எடைபோடாதீர்கள்.

கே: இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் அவரை எவ்வளவு கொடுத்து எடுத்தது?

ப: 350 பவுண்டு, 1898இல், எடின்பரோவின் ஹிபர்னியன் கிளப்பிடமிருந்து. இடையில் ஸ்டோக் கிளப்பிலும் கொஞ்சம் ஆடினார்.

கே: 1901 பட்டம்தானே அவருடைய உச்சம்?

ப: லிவர்பூலின் முதல் லீக் பட்டம், கேப்டன் இவர். ஆனால் எனக்கு 1906தான் பெரிது. 1904இல் அணி முதல் டிவிஷனிலிருந்து அடுத்த படியான இரண்டாம் டிவிஷனுக்குச் சரிந்தது. அடுத்த ஆண்டு அதில் முதலிடம், அதற்கடுத்த ஆண்டு முதல் டிவிஷனிலேயே முதலிடம்!

கே: சம்பளம் நிறைய வாங்கியிருப்பாரோ?

ப: எங்கே! 1901 முதல் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு வாரத்துக்கு 4 பவுண்டுதான் உச்சவரம்பு. கிளப் ஒரு வழி கண்டுபிடித்தது. ஆட்ட விளம்பரச் சுவரொட்டிகள் ஒழுங்காக ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று ஊர் சுற்றிப் பார்க்கும் வேலையை இவருக்குக் கொடுத்து, அதற்குத் தனிச் சம்பளமும் கொடுத்தது. கெட்டிக்காரத்தனம்தான்.

கே: 1902இல் கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் நடந்த விபத்தன்று இவர் ஆடினாரா அண்ணா?

ப: ஆமாம், ஸ்காட்லாந்துக்காக, இங்கிலாந்துக்கு எதிராக. மரப் பார்வையாளர் மேடை உடைந்து 25 பேர் இறந்தார்கள். அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்காமல், பிறகு பர்மிங்காமில் மறுபடி நடத்தினார்கள்.

கே: மேலாளராக எப்படி?

ப: நல்லவர், ஆனால் பெரிய பெயர் இல்லை. ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் அகாடமிகல் கிளப்பில் ஆரம்பம். 1921இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் சிட்டி கிளப். அங்கே டிவிஷன் மாறி மாறி ராட்டினம்தான்: 1922இல் கீழ் டிவிஷனுக்கு இறக்கம், 1923இல் ஏற்றம், மறுபடி 1924இல் இறக்கம், 1927இல் ஏற்றம். இரண்டு ஏற்றமும் மூன்றாம் டிவிஷன் தெற்குப் பிரிவின் பட்டத்தோடு வந்தவை. 1929இல் விலகினார். அப்புறம் ஹாலிஃபாக்ஸ், செஸ்டர் கிளப்புகள். கடைசியில் ஆட்டக்காரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலையில் லிவர்பூலுக்கே திரும்பினார், 1949இல் இறந்தார்.