மதியத் தூக்கமும் மனைவியின் ஓய்வும்

கேள்வி: என் மனைவிக்கு ஓய்வெடுக்கத் தெரியவில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பதினொரு மணி வரை எதையாவது செய்துகொண்டே இருக்கிறாள். இத்தனைக்கும் வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். என் அம்மா எங்களோடு இருக்கிறார். நான் ஜவுளிக்கடையில் ஒரு தளத்துக்குப் பொறுப்பாளர். அவ்வளவு கூட்டத்திலும் மதியம் சாப்பிட்டதும் கால் மணி நேரம் கண்ணை மூடிவிடுவேன். பரபரப்புக்கு நடுவே இப்படிச் சின்னச் சின்ன ஓய்வு எடுப்பது எப்படி என்று அவளுக்குப் புரியும்படி எழுதுங்கள். படித்துக் காட்டுகிறேன்.
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: படித்துக் காட்ட வேண்டாம். உட்கார்ந்து கேட்க அவருக்கு நேரம் இருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. நீங்களே படியுங்கள்.

முதலில் உங்கள் மதியத் தூக்கம். அது ஏதோ உங்களுக்குக் கைவந்த கலை என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், கடை ஊழியரிடம் நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதென்றால் நடுவில் ஒரு மணி நேரமாவது ஓய்வு விட வேண்டும் என்று இருக்கிறது. நீங்கள் கண் மூடுவது அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான். அப்போது மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர் வந்து இறங்கினாலும் பார்த்துக்கொள்ளத் தளத்தில் வேறொருவர் இருக்கிறார். அவர் இருப்பதால்தான் உங்களுக்குத் தூக்கம் வருகிறது. ஒருநாள் அவர் லீவு போடட்டும், அப்புறம் சொல்லுங்கள் கண் மூடும் வித்தையை.

உங்கள் வீட்டில் அந்த வேறொருவர் யார்? மதியம் இரண்டு மணிக்கு உங்கள் மனைவி படுத்தால் காஸ் சிலிண்டர் வந்தால் யார் எழுந்து போவது? அம்மாவுக்கு மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பது? காலிங் பெல் அடித்தால் நான்தான் எழ வேண்டும் என்று தெரிந்துகொண்டு படுப்பவருக்கு எப்படி ஐயா தூக்கம் வரும்?

உங்கள் தொழிலிலிருந்தே இன்னொன்றும் சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்ததுதான். சேலை எடுத்துப் போடும் பெண்கள் வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்பது ஜவுளிக்கடைகளில் எழுதப்படாத விதியாக இருந்தது. கோழிக்கோட்டில் பெண்கூட்டு என்ற அமைப்பில் சேர்ந்த கடைப் பெண்கள், கழிப்பறைக்கும் உட்காரும் உரிமைக்கும் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டமன்றத்திலும் திருத்த மசோதா வந்து, கடைகள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது பயன்படுத்திக்கொள்ளும்படி எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி வேண்டும் என்கிறது அது. நீங்கள் கேட்கும் ‘சின்னச் சின்ன ஓய்வு’ இதுதான். இத்தனைக்கும் நின்று வேலை பார்க்கும் ஆலைத் தொழிலாளருக்கு இதே வசதியை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. கடைப் பெண்களுக்கு நம் மாநிலத்தில் அது வந்து சேர 73 ஆண்டுகள்.

கால் வீங்கி நரம்பு சுருட்டிக்கொண்ட அந்தப் பெண்களிடம் யாராவது போய் ‘மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், மனசு லேசாகும்’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர்களுக்கு வேண்டியது ஒரு ஸ்டூல், உட்கார்ந்தால் யாரும் முறைக்காமல் இருப்பது, அவ்வளவுதான். (உங்கள் தளத்தில் ஸ்டூல் போட்டிருப்பீர்கள். அதில் ஆள் உட்காருகிறார்களா, துணிக்கட்டு உட்கார்ந்திருக்கிறதா?)

வீட்டுக்கு வருவோம். உங்கள் அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலத்துச் சமையல் பாதி உட்கார்ந்து செய்த வேலை. அரிவாள்மனை முன் உட்கார்ந்து காய் நறுக்கினார்கள். அம்மியில் உட்கார்ந்து அரைத்தார்கள். ஆட்டுக்கல்லும் அப்படியே. அந்தச் சமையலறையை நான் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. விறகுப் புகையில் கண்ணெரிந்தவர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் கிரானைட் மேடையும் மிக்ஸியும் வந்தபோது வேலை சுலபமானது, உட்காருவது போய்விட்டது. நறுக்குவது, தாளிப்பது, தோசை வார்ப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் நின்றபடிதான். லட்சக்கணக்கில் செலவு செய்து மாடுலர் கிச்சன் போடுகிறார்கள், மேடை உயரத்துக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட யாருக்கும் தோன்றுவதில்லை. 22-ஏ சமையலறைக்குச் செல்லாது என்பதால் இருக்கலாம்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுவதும் யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்த பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 97 பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அது வீட்டு வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரி மட்டும். அப்படிக் கைவைத்தவர்கள் நூற்றுக்கு 26 பேர். குழந்தைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது இந்தக் கணக்கில் வராது, அது தனி.

சாயங்காலம் அவர் சீரியல் பார்க்கிறாரே, அது ஓய்வு இல்லையா என்பீர்கள். கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உரிக்க வேண்டிய பூண்டோ, ஆய வேண்டிய கீரையோ இருக்கும்.

சரி, வழி கேட்டீர்கள். காலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பதினொன்று எப்படி வந்தது? கடை மூடி நீங்கள் வந்து சாப்பிடும்வரை அவர் காத்திருந்து பரிமாறி, பாத்திரம் ஒழித்துப்போட்டுப் படுக்கும் நேரமாகத்தான் இருக்க வேண்டும். சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். போட்டுச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைக்க உங்களுக்குக் கை இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு அவர் எழுவது தெரிகிறது, நீங்கள் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. காலையில் கடை திறக்கும்வரை நீங்களும் வீட்டில்தானே இருக்கிறீர்கள்? பிள்ளைகளைக் கிளப்பி வேனில் ஏற்றும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘உதவி’ செய்ய வேண்டாம். ‘சாக்ஸ் எங்கே, டிபன் பாக்ஸ் எங்கே’ என்று அவரையே கேட்டுக் கேட்டுச் செய்தால் அவர் வேலை இரட்டிப்பாகும். முழுதாக உங்கள் பொறுப்பாக்குங்கள். நடுவில் அவர் வந்து எட்டிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கக் கூடாது. அந்த நேரத்தில் அவர் காபியைச் சூடு ஆறுவதற்குள் குடிக்கட்டும், அல்லது சும்மா திண்ணையில் உட்காரட்டும். என்ன செய்தார் என்று அப்புறம் கேட்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. உங்களுக்கு வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை உண்டு, அதுவும் அந்த 1947 சட்டத்தில் இருப்பதுதான். உங்கள் மனைவிக்கு அது எந்தக் கிழமை என்று விசாரித்து எழுதுங்கள். ‘அவள் வீட்டில்தானே இருக்கிறாள்’ என்று எழுதினால் பிரசுரிக்க மாட்டோம்.
– ஆசிரியர்